விண்ணின் குடையும் மரப்பெட்டியும்

ஆக்குதலினும் காத்தல் அரிது. விளைத்த நெல்லை அந்து அரியாமற் காத்தல் வேண்டும். நட்ட நாற்றைப் புழு தின்னாமற் காத்தல் வேண்டும். நம் முன்னோர் இத்தொழிலின் அருமையை நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேர்த்து, இடையிடையே நொச்சியிலையையும் வேப்பிலையையும் இட்டுவைத்தனர். துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் உலர்த்தினர். விதைகளைச் சாம்பலிற் புரட்டி எடுத்துவைத்தனர். கோடையில் நிலத்தை உழுது, கீழ்மண் மேலாகப் புரட்டி, ஞாயிற்றின் வெம்மையிற் காயவிட்டனர். இம்முறைகளுள் எதுவும் பூச்சியினத்தை அடியோடு ஒழித்ததில்லை. ஆயினும், காப்பவனையே கெடுக்கும் முறையாக எதுவும் அமைந்ததுமில்லை.

இக்காலத்தில் நாம் காக்கவேண்டிய பொருள்கள் பெருகிவிட்டன. காக்கும் கருவிகளும் வலிமை பெற்றுவிட்டன. வலிமை மிக்க கருவி பகையை அழிப்பதோடு நில்லாது, நம்மையும் தாக்கக்கூடும். இவ்வுண்மையை விளக்கும் ஒரு செய்தியை இப்பாடத்திற் காண்போம்.

தொழில் வளரும் திருப்பெரும்பூதூர்

திருப்பெரும்பூதூர் இராமாநுசர் பிறந்த பதி. அவ்வூரைச் சூழ்ந்த பகுதி ஏரிகள் மலிந்தது. சென்னை நகரத்தார் பருகும் நீரைத் தரும் செம்பரம்பாக்கம் ஏரியும் அண்மையிலேயே உள்ளது. முன்னாளில் நெல்வயல்களாலும் பனைமரங்களாலும் அறியப்பட்ட இந்நிலப்பரப்பு இன்று ஆலைகளால் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து சரக்குந்து, மோட்டார் சைக்கிள், சக்கர உறை, மின்பொருள் முதலியவற்றை ஆக்கும் ஆலைகள் பல அப்பகுதியில் எழுந்தன.

இவ்வாலைகளிற் செய்த பொருள்கள் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவும் எண்ணூர்த் துறைமுகத்தின் வழியாகவும் கடல் கடந்து செல்கின்றன. கார் தன் சக்கரத்தால் உருண்டு கப்பலேறும். ஆனால் இயந்திர உறுப்புகள் அவ்வாறு செல்ல இயலுமா? அவற்றை மரப்பெட்டிகளில் அடைக்கின்றனர். அல்லது ‘பேலட்’ என்று வழங்கும் மரத்தட்டுகளின்மீது அடுக்கிக் கட்டுகின்றனர். எஃகும் மின்கருவியும் செய்யும் ஊருக்கும் மரத்துக்கும் இவ்வாறு நீங்காத உறவு உண்டாகிறது.

அம்மரப்பெட்டி ஒன்றினை உற்றுநோக்குங்கள். அதன் பக்கத்தில் ஒரு முத்திரை பொறித்திருக்கும். அம்முத்திரையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதனையடுத்து நாட்டின் குறியீடும், செய்தவரின் பதிவெண்ணும், இறுதியில் இரண்டு எழுத்துகளும் இருக்கும். அவ்விரண்டு எழுத்துகள் பெரும்பாலும் ‘எச்.டி.’ என்றோ ‘எம்.பி.’ என்றோ அமையும். இவை சிறு எழுத்துகளே. ஆயினும், நம் தலைக்குமேல் பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பொருளின் நலம் இவ்வெழுத்துகளோடு தொடர்புடையது. அஃது எவ்வாறு என்பதை இனி ஆராய்வோம்.

மரத்தினுள் வாழும் பகை

பச்சை மரத்தை அறுத்துச் செய்த பெட்டியினுள் வண்டின் முட்டையும் புழுவும் மறைந்திருத்தல் கூடும். தம் தாயகத்தில் அவை பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். அங்கே அவற்றை உண்ணும் பறவையும் பிற பூச்சியும் உள. புதிய நாட்டிற் புகுந்தால் அவற்றைத் தடுப்பார் இலர். சீனத்திலிருந்து சென்ற சரக்குகளின் மரப்பெட்டிகளோடு நீண்ட உணர்கொம்புடைய ஒருவகை வண்டு அமெரிக்காவிற் புகுந்தது. 1996ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து மரங்களில் அதனைக் கண்டறிந்தனர். அதன் புழு மரத்தின் உட்பகுதியைத் துளைத்துத் தின்னும் இயல்பினது. அவ்வண்டு பரவாமல் தடுக்கும்பொருட்டு ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி வீழ்த்த நேர்ந்தது.

இத்தகைய கேடுகளைக் கண்ட நாடுகள் ஒன்றுகூடி, 2002ஆம் ஆண்டில் ஒரு பொதுவிதி வகுத்தன. கடல் கடந்து செல்லும் சரக்குகளின் மரப்பெட்டிகளையும் தட்டுகளையும் ஏற்ற முறையிற் பதப்படுத்திய பின்னரே அனுப்புதல் வேண்டும் என்பது அவ்விதி. பதப்படுத்தியதற்குச் சான்றே மேலே கூறிய முத்திரை. முதலில் ஏற்றுக்கொண்ட முறைகள் இரண்டு. ‘எச்.டி.’ என்பது வெப்பமூட்டிப் பதப்படுத்தியதைக் குறிக்கும். ‘எம்.பி.’ என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவளியைச் செலுத்திப் பதப்படுத்தியதைக் குறிக்கும்.

மணமற்ற நஞ்சு

மெத்தில் புரோமைடு நிறமற்றது. சிற்றளவில் மணமும் அற்றது. ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே, நம் நாட்டு மார்கழிக் குளிரிலும் அது வளியாகவே இருக்கும். எஃகு உருளைகளில் அழுத்தி நீர்மமாக அடைத்து வைப்பர். காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமுடைய அவ்வளி, மண்ணின் துளைகளிலும் மரத்தின் நுண்ணிய இடைவெளிகளிலும் எளிதிற் புகும். புகுந்த இடத்தில் வண்டு, புழு, நூற்புழு, பூசணம், களைவிதை ஆகிய பலவற்றையும் ஒருங்கே அழிக்கும்.

1932ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் இதன் பூச்சிகொல்லும் ஆற்றல் கண்டறியப்பட்டது. பின்னர், தக்காளி, ஸ்ட்ராபெரி முதலியன பயிரிடும் மேலைநாட்டு உழவர், நடவுக்கு முன்னர் இதனை மண்ணிற் செலுத்தி, மேலே உறை விரித்து மூடினர். கிடங்குகளிலும் கப்பல்களிலும் தானியத்தைக் காக்கவும் இது பயன்பட்டது. 1991ஆம் ஆண்டில் உலகில் இவ்வாறு செலவான மெத்தில் புரோமைடு 60,000 டன்னுக்கு மேலாகும். அதன் பெரும்பகுதி மண்ணிலேயே செலுத்தப்பட்டது.

மணமற்ற நஞ்சு மற்றைய நஞ்சினும் கொடியது. அருகில் இருப்பவன் அதனை அறியமாட்டான். மெத்தில் புரோமைடு மாந்தரின் நரம்பையும் நுரையீரலையும் தாக்கும். எனவே, கண்ணை எரிக்கும் வேறொரு பொருளைச் சிறிதளவு அதனோடு கலந்து எச்சரிக்கைக் குறியாக்குவதும் உண்டு. நம் நாட்டில் இதனை யாவரும் வாங்கிப் பயன்படுத்த இயலாது. அரசு அமைப்புகளும் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோரும், தகுதி பெற்ற வல்லுநரின் மேற்பார்வையிலேயே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும் என்பது சட்டம்.

விண்ணின் குடை

வேலை முடிந்ததும் உறையை நீக்குவர். எஞ்சிய வளி காற்றிற் கலக்கும். அதனோடு அதன் கதை முடிந்தது என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். உண்மையில், அதன் இரண்டாம் பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

நிலத்திலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் வரையுள்ள உயரத்தில் ஓசோன் என்னும் வளி மிகுதியாகப் பரவியுள்ளது. மூன்று உயிர்வளி அணுக்கள் கூடியது ஓசோன். வானம் முழுவதிலும் உள்ள ஓசோனைத் திரட்டி நிலத்தின்மேல் பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே இருக்கும். இத்துணை மெல்லிய படலமே ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களுள் தீமை பயப்பவற்றின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. அக்கதிர்கள் தடையின்றி நிலத்தை அடையின், தோலிற் புற்றுநோய் மிகும். கண்ணிற் புரை படரும். பயிர்களின் வளர்ச்சி குன்றும். வேந்தனுடைய வெண்கொற்றக்குடை குடிகளைக் காத்தற்கு அடையாளம் என்பர் நூலோர். ஓசோன் படலமோ அடையாளமாக நில்லாது, உயிர்கள் அனைத்தையும் மெய்யாகவே காக்கும் குடையாக விளங்குகிறது.

மேலே சென்ற மெத்தில் புரோமைடு சிதையும்போது, அதிலுள்ள புரோமின் அணு விடுபடுகிறது. அவ்வணு ஓசோனைச் சிதைக்கும். ஆனால் தான் அழியாமல் மீண்டும் விடுபட்டு, மேலும் மேலும் ஓசோனைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். குளிர்பதனப் பெட்டிகளிற் பயன்பட்ட பழைய வளிகளிலிருந்து வரும் குளோரினும் இத்தகைய தீங்கே செய்யும். அணுவுக்கு அணு ஒப்பிட்டால், புரோமினின் ஆற்றல் குளோரினைவிட ஏறத்தாழ 60 மடங்காகும். கடலும் காட்டுத்தீயும் இயற்கையாகவே மெத்தில் புரோமைடை வெளியிடுகின்றன. மக்கள் வெளியிட்ட பகுதி அதனை மேலும் மிகுவித்தது.

உலகத்தார் செய்த உடன்படிக்கை

1985ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் மூவர், தென்துருவத்தின் மேலே வேனில் தொடங்கும் பருவத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துபோவதை அறிவித்தனர். குடையிற் கிழிசல் விழுந்ததை உலகம் அறிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1992ஆம் ஆண்டில் அதில் இணைந்தது. 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் அனைத்தும் அதனை ஏற்ற நிலை உண்டாயிற்று. செப்டம்பர் 16ஆம் நாளை ஓசோன் நாளாகப் பள்ளிகளிற் போற்றுவது இதனை முன்னிட்டேயாகும்.

1992ஆம் ஆண்டில் கோபன்கேகன் நகரிற் கூடிய நாடுகள், மெத்தில் புரோமைடையும் கட்டுப்படுத்த வேண்டிய பொருள்களோடு சேர்த்தன. பின்னர், வளர்ந்த நாடுகள் அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து 2005ஆம் ஆண்டில் விலக்குவது என்றும், வளரும் நாடுகள் 2015ஆம் ஆண்டில் விலக்குவது என்றும் வரையறுத்தன. இந்தியாவும் 2000ஆம் ஆண்டில் ஓசோனைச் சிதைக்கும் பொருள்களுக்கு விதிகள் வகுத்தது.

வயலிற் கண்ட மாற்று

நஞ்சை விலக்கினால் விளைச்சல் என்னாகும் என்று உழவர் அஞ்சியது இயல்பே. அவ்வச்சத்திற்கு அறிவியலாளரும் உழவரும் சேர்ந்து விடை கண்டனர். வெயில் மிக்க நாடுகளில், ஈரமான மண்ணின்மேல் ஒளி ஊடுருவும் உறையை விரித்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஞாயிற்றின் வெம்மையைத் தேக்கினர். அவ்வெம்மையால் மண்ணிலுள்ள நோய்க்கிருமியும் களைவிதையும் பெரும்பாலும் மாய்ந்தன. நம் கோடையுழவின் கருத்தும் இதுவேயன்றோ? வேறு சிலர் நோயைத் தாங்கும் வேர்ச்செடியின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினர். குளிர் மிக்க இடங்களில் நீராவியை மண்ணிற் செலுத்தினர்.

மற்றும் சிலர் மண்ணையே விடுத்து, தென்னை நார்த்தூளிற் செடி வளர்த்தனர். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் எடுத்தபின் எஞ்சும் தூளைப் பயனற்றதென்று குவித்துவைத்த காலம் உண்டு. இன்று பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து அத்தூளைக் கட்டிகளாக அழுத்தி அயல்நாடுகளுக்கு அனுப்புகின்றனர். நஞ்சூட்டிய மண்ணுக்கு மாற்றாகத் தமிழ்நாட்டுத் தென்னையின் கழிவு சென்று உதவுவதை எண்ணி நாம் மகிழலாம்.

முயற்சி வீண்போகவில்லை. மெத்தில் புரோமைடு காற்றில் ஓராண்டுக் காலமும் நிலைத்து நில்லாது. ஆகவே, வெளியிடுதல் குறைந்தவுடனே வானத்தில் அதன் அளவும் குறையலாயிற்று. 1990களின் இறுதியில், காற்றின் இலட்சம் கோடி மூலக்கூறுகளில் அது 9க்கு மேல் இருந்தது. இப்பொழுது 7க்குக் கீழே இறங்கியுள்ளது. எண்ணிப்பார்க்கவும் இயலாத சிற்றளவு இது. எனினும், அச்சிற்றளவின் ஏற்றத்தாழ்வே குடையின் நலத்தை மாற்றவல்லது. உடன்படிக்கை வழுவாது நடைபெறின், தென்துருவத்தின் மேலுள்ள ஓசோன் ஏறத்தாழ 2066ஆம் ஆண்டில் 1980ஆம் ஆண்டின் நிலையை மீண்டும் எய்தும் என்று அறிஞர் கணித்துள்ளனர்.

திறந்திருக்கும் வாயில்

ஆயினும், ஒரு வாயில் இன்னும் திறந்தே உள்ளது. வயலிற் செலுத்தும் நஞ்சை விலக்கிய உடன்படிக்கை, நாடுவிட்டு நாடு செல்லும் பொருள்களிற் பூச்சி பரவாமல் தடுக்கச் செலுத்தும் நஞ்சை விலக்கவில்லை. அயல்நாட்டுப் பூச்சியால் தம் காடும் கழனியும் அழியுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் பொய்யன்று, நியூயார்க்கு நகரத்து மரங்களே அதற்குச் சான்று. இதன் விளைவாக, ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 டன் மெத்தில் புரோமைடு இன்றும் இவ்வழியிற் செலவாகிறது. ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் 2010ஆம் ஆண்டு முதல் தன் எல்லைக்குள் இவ்வழியையும் அடைத்துவிட்டது.

திருப்பெரும்பூதூரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் புறப்படும் மரப்பெட்டி நிற்பது இந்த வாயிலில்தான். ‘எம்.பி.’ முத்திரை பெறவேண்டுமாயின், 21 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் இடத்திற்கு 48 கிராம் வீதம் அந்நஞ்சைச் செலுத்தி, 24 மணி நேரம் மூடிவைத்தல் வேண்டும். பின்னர் அதனைத் திறந்து காற்றாட விடுவர். ‘எச்.டி.’ முத்திரை பெறவேண்டுமாயின், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை வெப்பம் ஏறி, 30 நிமிடம் இடையறாது நிலைத்தல் வேண்டும். அறையின் காற்று சூடேறினால் மட்டும் போதாது; தடித்த மரத்தினுள் வெப்பமானியைச் செருகி அளந்து பார்த்தல் வேண்டும். நீர் கொதிக்கும் வெப்பத்தினும் இது மிகக் குறைவே. ஆயினும், மரத்தினுள் வாழும் வண்டும் புழுவும் நூற்புழுவும் மாய்வதற்கு இது போதும்.

அங்ஙனமாயின், யாவரும் வெப்பமுறையையே மேற்கொள்ளாதது ஏன் என்று நீங்கள் வினவலாம். வெப்ப அறை கட்டப் பெருமுதல் வேண்டும்; எரிபொருளும் வேண்டும். சிறு பட்டறை வைத்துப் பிழைப்பவர்க்கு அது சுமையே. மற்றொரு காரணமும் உண்டு. அதுவே நாம் சிந்திக்கத்தக்கது. பெட்டியினுள் பொருளை அடைத்துக் கொள்கலத்தில் ஏற்றிய பின்னரும் நஞ்சைச் செலுத்தலாம். வெப்பமோ, பொருளை அடைப்பதற்கு முன்னரே மரத்திற்கு ஊட்டப்படுதல் வேண்டும். இயந்திர உறுப்பையும் மின்கருவியையும் மரத்தோடு சேர்த்து வேகவைத்தல் ஆகாது. முன்னரே எண்ணிச் செய்பவர்க்கு வெப்பம் உதவும். கப்பல் புறப்படும் வேளையில் விழித்துக்கொள்பவர்க்கு நஞ்சே புகலாகிறது.

வேறு நச்சுவளிகள் இல்லையோ எனின், உள. தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து எழும் பாஸ்பின் என்னும் வளியைப் பயன்படுத்துகின்றனர். அஃது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் வேலை முடியப் பல நாள் ஆகும். செம்பை அரிக்கும் இயல்பும் அதற்கு உண்டு. செம்புக் கம்பி நிறைந்த கருவிகளுக்கு அது பொருந்தாது. சல்ஃபியூரில் புளோரைடு என்னும் மற்றொரு வளியும் ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும், அது காற்றில் நெடுங்காலம் தங்கி நிலவுலகின் வெப்பத்தை மிகுவிக்கும். ஒரு தீமையை நீக்க மற்றொரு தீமையை அழைத்தல் அறிவுடைமையாகாது என்பதற்கு இவை எடுத்துக்காட்டாகும்.

வருமுன் காத்தல்

மாணவர்களே! இதுகாறும் கண்ட மாற்றுகளை ஒருசேர நோக்குங்கள். கோடை வெயிலில் மண்ணைக் காயவைப்பவன் நடவுக்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்குகிறான். ஒட்டுக்கட்டுபவன் நோய் வருமுன்னரே வேரைத் தேர்கின்றான். மரத்தைச் சூடேற்றுபவன் பெட்டி செய்வதற்கு முன்னரே அதனைப் பதப்படுத்துகிறான். நொச்சியிலையைச் சேர்த்துவைத்த நம் பாட்டியாரும் நெல் குதிரை அடையுமுன் அதனைச் செய்தார். நஞ்சின் இடத்தை நிரப்பவல்லது மற்றொரு நஞ்சன்று. முன்னறிந்து செய்யும் உழைப்பே அதனை நிரப்பும்.

நீங்கள் நாளை ஆலைகளிலும், துறைமுகங்களிலும், வயல்களிலும் பணிபுரியப் போகின்றீர்கள். சரக்கைக் குறித்த நாளில் அனுப்பும் பொறுப்பும், பெட்டிக்கு மரம் வாங்கும் பொறுப்பும் உங்களுள் சிலருக்கு வாய்க்கும். அன்று, ‘எவ்வாறு பதப்படுத்திய மரம் இது?’ என்னும் ஒரு வினாவை உரிய காலத்தில் எழுப்புங்கள். அவ்வினாவை முதல் நாளிலேயே எழுப்பினால் மரம் வெப்ப அறைக்குச் செல்லும். இறுதி நாளில் எழுப்பினால் நஞ்சு உருளை திறக்கும். கொள்கலத்தைத் திறக்கும் தொழிலாளியின் மூச்சும், விண்ணில் விரிந்த மெல்லிய குடையும் அவ்வினாவின் காலத்தைப் பொறுத்தன என்பதை மறவாதீர்கள்.